காயிலின் இடது கை

எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று சரியாகத் தெரிந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கள்ளிக்குப்பத்தில் ஒரு தகரக் கொட்டகையில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். மற்ற எல்லோரும், நீங்கள், நான், வீடு கட்டித் தரும் இன்ஜினீயர் உட்பட, குத்துமதிப்பாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அது யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் காயில். "காயில் கீறாரா?" என்று வாசலில் நின்று கேட்டால், அவர் மனைவி சரோஜாக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். "கீறாரு. எந்த எடத்துல கீறாருன்னுதான் தெரியல. உள்ள வந்து தேடிக்க."

டீக்கடைக்குப் போனால் பெஞ்சை நாலு விரற்கடை நகர்த்திவிட்டுத்தான் உட்காருவார். சலூனில் கண்ணாடி தப்பான இடத்தில் இருக்கிறது, ஒரு சாண் ஏற்றி மாட்டு என்று சலூன்காரரை மூன்று மாதம் நச்சரித்தார். தாங்க முடியாமல் அவரும் மாட்டினார். காயில் நல்ல உயரம். அந்த வாரம் முடிவெட்டிக்கொண்ட மற்ற எல்லோருக்கும் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

ஒருமுறை எஸ்டேட்டிலிருந்து பூந்தமல்லி போகிற பஸ்ஸில் நானும் அவரும் போனோம். பின்படிக்கட்டுப் பக்கம் நின்ற ஒரு தடித்த ஆளைப் பார்த்து, "நைனா, அந்தாண்ட போய் நில்லு. இந்தாண்ட நின்னா பேரிங் போய்டும்" என்றார். அந்த ஆள் முறைத்தான், நகரவில்லை. வேலப்பன்சாவடி தாண்டியதும் பஸ் கிறீச்சிட்டு நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரம். அத்தனை பேரும் சேர்ந்து காயிலைத் திட்டினார்கள். பஸ்ஸை ஒருத்தனும் திட்டவில்லை. நம் ஆட்களின் லட்சணம் இது.

எல்லாவற்றையும் மிஞ்சியது ஒரு கல்யாணம். தாலி மாப்பிள்ளையின் கையில் இருக்கிறது. மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயார். அப்போது காயில் எழுந்து மணவறைக்குப் போய், "பலகைய ஒரு அடி தள்ளுப்பா" என்றார். ஃபேன் காற்று ஓமப் புகையை ஐயரின் கண்ணுக்குள் அடிக்கிறதாம். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஐயர் அழுதுகொண்டேதான் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கல்யாண வீட்டில் யாருக்கு உண்மை வேண்டும்? பெண்ணின் மாமா காயிலை ஒரு கையால் பிடித்து வாசல் வரை நகர்த்திக்கொண்டு போய் விட்டார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. பத்திரிகை வரும். சரோஜாக்கா பெயரை மட்டும் எழுதி வரும்.

இந்த மனிதரிடம்தான் நான் போய் மாட்டிக்கொண்டேன். எண்பதுகளின் கடைசி அது.

நான் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் ஃபிட்டர். சாயங்காலங்களிலும் லீவு நாட்களிலும் பென்னி மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவன். பேஸ் கிடார் என்றால் நாலே நாலு தடிக் கம்பி. அதை யாரும் கவனிப்பதில்லை. பாடுகிறவனைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிறவனைப் பார்ப்பார்கள். பேஸ் வாசிக்கிறவனை, ஒயர் சரிபார்க்க வந்து மேடையிலேயே நின்றுவிட்ட ஆள் என்று நினைப்பார்கள். ஆனால் அதை நிறுத்திப் பாருங்கள். பாட்டு அடியில்லாத பக்கெட் ஆகிவிடும்.

ஏழு வருஷம் நான் வாசித்த கிடார் என்னுடையது இல்லை. ஒரு நண்பனுடையது. அவன் துபாய்க்கு வேலைக்குப் போனபோது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். "அங்க இன்னாத்துக்குடா உனக்கு?" என்றேன். "சும்மா பாத்துகினு இருக்க" என்றான். வாசிக்கத் தெரியாதவனிடம் கிடார் இருந்தது, வாசிக்கத் தெரிந்தவன் வெறும் கையோடு நின்றான்.

அதே சமயம் பார்த்து பென்னி மாஸ்டர் புதுக் கீபோர்டு ஒன்று வாங்கினார். ரிகர்சலுக்குப் போனேன். ஒரு பொத்தானை அழுத்தினார். இடது கையின் ஒரு விரலால் நாலு தட்டுத் தட்டினார். என்னுடைய பேஸ் அப்படியே வந்தது.

"பாத்தியா தாசு? என் லெஃப்ட் கை வாசிக்கிது."

"மாஸ்டர், அது மிஷின்."

"இருந்துட்டுப் போவட்டும். ஆயுத பூஜைக்கு எஸ்டேட்ல புரோகிராம் கீது, ஒரு மாசம் டைம். கிடாரோட வந்தா நீ வாசி. இல்லாங்காட்டி லெஃப்ட் கை வாசிக்கும், நீ மைக் ஸ்டாண்டு தூக்கு."

ஏழு வருஷம் வாசித்தவனை மைக் ஸ்டாண்டு தூக்கச் சொன்னார். வந்த கோபத்தில் அந்தக் கீபோர்டைத் தூக்கிப் போட்டிருப்பேன். கனமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

புதுக் கிடார் வாங்க வக்கில்லை. நானே செய்வது என்று முடிவு பண்ணினேன். ஆவடியில் ஒரு சர்ச் பேண்டுக்காரரின் பேஸ் கிடார் வேனிலிருந்து விழுந்து உடம்பு நொறுங்கிப்போயிருந்தது. கழுத்தும் கம்பி முறுக்கும் கீகளும் தப்பித்திருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பூந்தமல்லியில் இடித்த வீடு ஒன்றின் தேக்குக் கதவை அறுத்து உடம்பு செய்தேன். தாழ்ப்பாள் இருந்த ஓட்டை இன்னும் அதில் இருக்கிறது. கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜை டூல் ரூமில் பித்தளையில் அறுத்தேன், சூப்பர்வைசர் சாப்பிடப் போன நேரங்களில். அந்த பிரிட்ஜ் செய்து முடிக்க அவர் ஒன்பது முறை சாப்பிட வேண்டியிருந்தது.

மிச்சம் இருந்தது பிக்கப். கம்பிகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் காந்தமும் காயிலும்தான் பிக்கப். கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதன் வேலை. அது இல்லையென்றால் கிடார் கிடார் இல்லை, நான் அறுத்த கதவுதான்.

காயிலிடம் போனேன்.

"எத்தினி எச்.பி.?" என்றார், தலைநிமிராமல்.

"மோட்டார் இல்ல அண்ணாத்தே. கிடாரு."

"எது?"

"பாட்டு வாசிக்கிற கிடாரு."

"பாட்டா? நான் பாட்டுல்லாம் கேக்கறதில்ல. சுத்தாத பொருளுக்கு காயில் கட்றதும் இல்ல. போய்ட்டு வா."

நான் விடவில்லை. தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினேன். ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காந்தத்துக்கு மேல கம்பி ஆடுது, காயில்ல கரண்டு வருது. அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"அப்ப அது டைனமோ. அப்பிடிச் சொல்ல வேண்டியதுதானே? பாட்டு கீட்டுன்னு சொல்லி பேஜார் பண்ற."

உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைத் துண்டுபோட்டார். கம்பிக்கு ஒன்றாக நாலு இரும்பு போல்ட்டை அதன்மேல் நிறுத்தினார். சுற்றிலும் தலைமுடியைவிட மெல்லிய எனாமல் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். எட்டாயிரம் சுற்று. கை மிஷின், எண்ணுவது வாயால். ஆறாயிரத்துச் சொச்சத்தில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. காயில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"ஆறாயிரத்து முந்நூறுன்னு நினைக்கிறேன் அண்ணாத்தே" என்றேன்.

"நினைக்கிறவனுக்கு நான் காயில் கட்டல."

மறுநாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எனக்கு வேறு வழி?

இத்தனையும் பத்து நாளில் முடிந்துவிட்டது. பிக்கப்பைக் கிடாரில் எங்கே வைப்பது என்பதில்தான் சனியன் பிடித்தது.

உங்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. கம்பிக்குக் கீழே எங்கேயோ வைத்துத் திருகாணி போட வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் ஒரே கம்பிதான், கழுத்துப் பக்கம் அகலமாக ஆடும், பிரிட்ஜ் பக்கம் விறைப்பாகக் கொஞ்சமாக ஆடும். பிக்கப்பைக் கழுத்துப் பக்கம் வைத்தால் சத்தம் குண்டாக வரும், பிரிட்ஜ் பக்கம் வைத்தால் ஒல்லியாக வரும். விரற்கடை தள்ளினால் வேறு கிடார். எல்லாப் பொருளையும் அதன் இடத்தில் வைக்கத் துடிக்கும் ஒரு மனிதரின் கையில் இப்படிப்பட்ட ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்?

தேக்கு உடம்பில், கம்பிகளுக்குக் கீழே, கழுத்திலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் நீளமாக ஒரு பள்ளம் வெட்டினார். குழந்தையைக் கிடத்தலாம், அவ்வளவு பெரிசு. பிக்கப்பை ஒரு அலுமினியத் தகட்டில் பொருத்திப் பள்ளத்துக்குக் குறுக்கே வைத்தார். தகடு வேண்டிய நீளத்தைவிட அரையடி அதிகம். கிடாரின் கீழ் விளிம்பைத் தாண்டி நாக்கு மாதிரி வெளியே தொங்கியது.

"இது இன்னா?"

"மொதல்ல எடம் முடிவாவட்டும். அப்பால வெட்டிக்கலாம்."

ஒரு பழைய ரேடியோவின் ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் சொருகினோம். உய்ங் என்று இரைச்சல். உடனே டியூப் லைட்டை அணைத்தார். பக்கத்துக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த லேத்தையும் நிறுத்தச் சொன்னார். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மோட்டார் பேரிங்கைச் சோதிப்பதுபோல, முனையைக் கிடாரின் மரத்திலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு தட்டு."

"ஒரு பாட்டா வாசிக்கட்டுமா?"

"பாட்டு எனக்கு வாணாம். சத்தம் மட்டும் குடு."

தட்டினேன். தகட்டை அரை விரல் தள்ளினார். மறுபடி தட்டச் சொன்னார். இப்படியே பன்னிரண்டு நாள். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியதும் நேராக அங்கே போய் ஒரே கம்பியை ஒரே மாதிரி தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து லேத்துக்காரர் சரோஜாக்காவிடம், "பாவம், அந்தாளுக்கு அது ஒண்ணுதான் தெரியுமா?" என்று கேட்டாராம். அக்கா, "இன்னொண்ணும் தெரியும், ஆனா அதுக்கு இந்தாளு பர்மிசன் குடுக்கல" என்றாராம்.

கழுத்தை ஒட்டி வைத்தபோது, "வாய்ல சோத்த வச்சிகினு பேசற மாதிரி கீது" என்றார். பிரிட்ஜை ஒட்டி வைத்தபோது, "கொசு" என்றார். நடுவில் ஓரிடத்தில் தடித்த கம்பி நன்றாக இருந்தது, மெல்லிய கம்பி செத்துப்போனது. தகட்டைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பினார். மெல்லிய கம்பி பிழைத்தது, தடித்த கம்பி முனக ஆரம்பித்தது. கடைசியில் நாலு விரல் அகலத்துக்கு இரண்டு சாக்பீஸ் கோடு போட்டார்.

"இதுக்குள்ளதான் கீது."

"எங்க?"

"தெரிஞ்சா சொல்லமாட்டனா?"

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம். தகடு இன்னும் காட்டன் டேப்பில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் மூன்று மணிக்குப் புரோகிராம். காயில் ஒரு மோட்டாரை மாட்டிக் கொடுக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழு வருஷ வாசிப்பு ஒரு மனிதரின் அரை விரல் சந்தேகத்தில் தொங்குகிறது. டிரில்லை எடுத்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுமத்தியில் இரண்டு ஓட்டை. இரண்டு திருகாணி. முடிந்தது கதை.

காயில் திரும்பி வந்தார். திருகாணியைப் பார்த்தார். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"ஓட்டைய நகத்த முடியாது தாசு" என்று மட்டும் சொன்னார். கை கழுவப் போய்விட்டார்.

ஆயுத பூஜை அன்று எஸ்டேட்டைப் பார்க்க வேண்டும். எல்லா கேட்டிலும் வாழைமரம், எல்லா லாரிக்கும் மாலை, தெரு முழுக்க உடைத்த பூசணி. எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம். ஆணி அடிக்கும் சுத்தியலுக்கும் பொட்டு. பூசையில் வைத்த கருவியை மறுநாள் காலை வரை யாரும் கையால் தொடக் கூடாது. இந்துவாவது கிறிஸ்தவனாவது, எஸ்டேட்டில் வேலை செய்கிறவன் எல்லோருக்கும் அதுதான் சட்டம். மேடைக்காரர்கள் எங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அன்றைக்குத்தான் எங்களுக்கு வேலை என்பதால் வாத்தியங்களுக்கு மறுநாள்தான் பூசை.

புரோகிராம் இரும்புத் தகடு வளைக்கும் ஒரு பிரஸ் கம்பெனியின் ஷெட்டுக்குள். முதலாளி குடும்பத்தோடு முன்வரிசையில் உட்காருவதால் மேடை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, மைக் செட்காரர் என்னுடைய பேஸ் ஸ்பீக்கர் பெட்டியை மாலை போட்ட ஒரு பெரிய பிரஸ் மிஷினுக்குப் பின்னால் வைத்திருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. ஒயரைச் சொருகி வாசித்தேன்.

கொழகொழ என்று வந்தது. ஒரு சுரம் முடிவதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. கஞ்சி கொதிப்பதுபோல் இருந்தது.

பென்னி மாஸ்டர் பொரியை வாயில் போட்டுக்கொண்டே வந்தார். "இன்னா தாசு, கதவு தெறக்கிற சத்தம் வருது?" குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். "ஓரங்கட்டு. என் லெஃப்ட் கை ரெடியா கீது."

ஷெட் வாசலில் காயில் நின்றுகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. அவராகவே வந்திருந்தார், கையில் சுண்டல் பொட்டலத்தோடு, பின்னால் சரோஜாக்காவோடு. மேடையை ஒரு பார்வை பார்த்தார். பிரஸ் மிஷினை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் கிடாரை.

"பிரிட்ஜு பக்கம் ரெண்டு வெரல் தள்ளணும்" என்றார். "திருகாணியக் கயட்டு."

"எதால கயட்ட?"

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஆயிரக்கணக்கான ஸ்க்ரூ டிரைவர்கள் உள்ள எஸ்டேட்டில் ஒன்றையும் தொட முடியாது. நான் ஓடினேன். பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன், "பூசையில கீது" என்றார். எதிர்த்த சைக்கிள் கடைக்காரர், "பூசையில கீது" என்றார். திரும்பி வந்து பென்னி மாஸ்டரிடம், "மாஸ்டர், நீங்கதான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற ஆளாச்சே, கீபோர்டு பெட்டில ஒண்ணு வச்சிருப்பீங்களே?" என்று கெஞ்சினேன்.

"வச்சிருந்தேன். காலைல எம் பொண்டாட்டி அதுக்கும் பொட்டு வச்சிட்டா. பக்கத்து ஊட்டுல கேட்டாங்களாம், உங்க ஊட்டு டூல்ஸ் மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சின்னு."

மணி இரண்டே முக்கால். முதலாளி வந்து உட்கார்ந்துவிட்டார். அப்போது சரோஜாக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாலணாவை எடுத்துக் காயிலின் கையில் வைத்தார்.

"இதுக்குப் பொட்டு வைக்கல. இது டூல்ஸும் இல்ல. கயட்டு."

முப்பது வருஷம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்திய மூளை அது. காயில் நாலணாவின் விளிம்பைத் திருகாணியின் வெட்டில் வைத்துத் திருகினார். இரண்டும் கழன்று வந்தன. தகட்டைத் தள்ளினார். நான் தட்டினேன். கஞ்சி தெளிந்து, சுரம் தனித்தனியாக எழுந்து நின்றது. பென்னி மாஸ்டரின் வாயிலிருந்த பொரி அரைபடாமல் நின்றது.

"சரி, அங்கியே ஸ்க்ரூ போடு" என்றார்.

ஓட்டை போட டிரில் இல்லை. கட்ட டேப் இல்லை, அதுவும் பூசையில். காயில் சுண்டல் பொட்டலத்தை மனைவியிடம் கொடுத்தார். மேடை ஓரத்தில் கிடந்த சோடா பெட்டியை எடுத்து எனக்கு வலது பக்கம் கவிழ்த்துப் போட்டார். சும்மா போடவில்லை, இரண்டு முறை நகர்த்திவிட்டுத்தான் உட்கார்ந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த தகட்டின் நாக்கை இடது கையால் பிடித்தார்.

"வாசி" என்றார்.

வாசித்தேன். ஷெட் நிறைய ஆட்கள். எல்லோரும் சினிமாப் பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள். மேடையில் ஒருத்தன் கிடார் வாசிக்கிறான், இன்னொருத்தர் அதன் அடியில் கைவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாத்தே! எத்தினி லிட்டர் கறக்குது?"

ஷெட் அதிர்ந்தது. முதலாளியே சிரித்துவிட்டார். காயில் அசையவில்லை. நான் பழக்கதோஷத்தில் தாளத்துக்கு இடது பக்கம் ஒரு எட்டு வைத்தேன். சோடா பெட்டியும் அவரும் கூடவே இழுபட்டு வந்தார்கள்.

"ஆடாம நில்லுடா சோமாரி" என்றார், உதடு அசையாமல்.

இரண்டாவது பாட்டு தாலாட்டு மாதிரி மெதுவானது. நடுவில் என் கிடாரின் சத்தம் மாறியது. தடித்து, மெத்தென்று ஆனது. குனிந்து பார்த்தேன். காயில் தகட்டைக் கழுத்துப் பக்கம் தள்ளியிருந்தார். அடுத்து வேகப்பாட்டு. தகடு பிரிட்ஜ் பக்கம் போனது. ஒவ்வொரு சுரமும் நெஞ்சில் குத்துவிட்டது. சரணத்துக்கு ஒரு இடம், பல்லவிக்கு ஒரு இடம் என்று கை போய்வந்துகொண்டே இருந்தது. பாட்டே கேட்காத மனிதர் வாயைத் திறந்துகொண்டு பாடகரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு என்று வாழ்ந்தவர், ஒரே இடத்தில் நிற்கக் கூடாத பொருள் ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தார் போலிருக்கிறது.

கடைசிப் பாட்டு முடிந்ததும் பின்வரிசை ஆள் மேடைக்கே வந்து காயிலின் கையைக் குலுக்கினார். "சூப்பர் அண்ணாத்தே. உள்ளார மோட்டார் ஓடற மாதிரி கீது." காயிலுக்கு அதைவிடப் பெரிய பட்டம் யாரும் கொடுத்ததில்லை.

பென்னி மாஸ்டர் கீபோர்டை மூடினார். "அடுத்த வாரம் ஆவடில ரிசப்சன். வந்துடு தாசு."

"கிடாரோடவா, மைக் ஸ்டாண்டோடவா?"

"கிடாரோட." ஒயரைச் சுருட்டிக்கொண்டே காயிலைக் காட்டினார். "அவரையும் இட்டுகினு வா."

இப்படித்தான் தொடங்கியது. தற்காலிகம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை பூசை முடிந்ததும் டிரில்லை எடுத்துக்கொண்டு போனேன். "இன்னும் எடம் முடிவாவல" என்றார். அடுத்த வாரமும் முடிவாகவில்லை. எட்டு வருஷம் முடிவாகவில்லை. ஆவடி ரிசப்சன், பூந்தமல்லி காது குத்து, குத்தம்பாக்கம் பள்ளிக்கூட விழா, எல்லாவற்றுக்கும் காயில் வந்தார். வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டார். சோடா பெட்டிக்குப் பதிலாகத் தானே ஒரு முக்காலி செய்துகொண்டார். கல்யாண வீடுகளில் பத்திரிகையில் அவர் பெயரை எழுத மறந்தவர்கள் முன்னால் அவர் மேடையில் உட்கார்ந்திருந்தார். பென்னி மாஸ்டர் அறிமுகம் செய்யும்போது, "பேஸ் கிடார், தாசு! பிக்கப், காயில்!" என்பார். எனக்கு வந்த கைதட்டலைவிட அவருக்கு அதிகம் வந்தது. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு முட்டி போய்விட்டது. முக்காலியில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டனுப்பினார். கிடாரை மேஜைமேல் கிடத்தினார். தகட்டைத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டு திருகாணி போட்டார். டிரில் தேவைப்படவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் ஏற்கெனவே இரண்டு ஓட்டை இருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான் போட்ட ஓட்டை.

குனிந்து திருகாணிகளைத் தடவிப் பார்த்தேன்.

"அண்ணாத்தே, இது நான் போட்ட எடம்."

"ஆமா. நல்ல எடம்தான்."

"அப்ப அன்னிக்கு ஏன் கொழகொழன்னு வந்துச்சு?"

"பொட்டிய பிரஸ்ஸுக்குப் பின்னால வச்சிகினா எப்பிடி வரும்? ரெண்டு முழம் வெளிய இஸ்து வச்சிருந்தா கணீர்னு வந்திருக்கும். உள்ள வரும்போதே பாத்தேன்."

"பாத்தியா? ஊர்ல கீற எல்லாப் பொருளையும் நகத்துவியே, அத நகத்த வேண்டியதுதானே?"

காயில் தகட்டின் நாக்கை ஆக்சா பிளேடால் அறுக்க ஆரம்பித்தார். பதில் சரோஜாக்காவிடமிருந்துதான் வந்தது.

"நகத்தியிருந்தா அங்கியே வேலை முடிஞ்சிருக்குமே தாசு. அப்பால இவர யாரு மேடைக்கிக் கூப்பிடுவா?"

வெட்டிய துண்டு கீழே விழுந்தது. காயில் அதை எடுத்து அலமாரியில் வைத்தார். கொஞ்சம் பார்த்துவிட்டு ஒரு விரல் நகர்த்தி வைத்தார்.

எட்டு வருஷம் என்னைக் கறவை மாடு ஆக்கிவிட்டாரே என்று கத்தப் பார்த்தேன். எனக்குக் கோபம் வராமல் போனது அந்த ஒருமுறைதான்.

காயில் இப்போது இல்லை. கிடார் இருக்கிறது. எப்போதாவது யாராவது கூப்பிட்டால் வாசிக்கிறேன். மேடை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எனக்கு வலது பக்கம் ஒரு முக்காலி போடுகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நிற்பேன். அங்கே யாராவது வந்து நின்றால் தள்ளிப் போகச் சொல்வேன்.